இன்ஜின் ஆயிலில் ஈரமும் கசடும்: காரணத்தைக் கண்டுபிடிப்பது முதல் சுத்தம் செய்வது வரை முழுமையான வழிகாட்டி

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால், அதன் உட்புறத்தில் பால் காபி நிறத்தில் கிரீம் போல ஒட்டியிருக்கிறது. புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் இதைப் பார்த்ததும் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பதறுகிறார்கள். இல்லையென்றால் இன்ஜினின் உட்புறத்தைக் கழுவும் ஃப்ளஷ் திரவம் ஒரு டப்பா வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுதான். அந்தக் கிரீம் ஆபத்தில்லாத ஈரப்பதமாக இருக்கலாம், வண்டியைத் தொடவே கூடாத அளவுக்குப் பெரிய கோளாறாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் ஆயிலை மாற்றினால் புது ஆயிலும் கொஞ்ச நாளில் அதே நிறத்துக்கு வந்துவிடும்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து அந்த வழியை அடைக்க வேண்டும். கசட்டைச் சுத்தம் செய்வது அதற்கு அப்புறம்தான்.

1. ஈரம் உள்ளே வரும் வழிகள்

இதைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் சோதனைகளுக்கு அர்த்தம் இருக்கும்.

பெட்ரோல் எரியும்போது தண்ணீர் உருவாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். அதில் பெரும்பகுதி நீராவியாகப் புகைக்குழாய் வழியே வெளியே போய்விடும். ஒரு சிறு பங்கு மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே, ஆயில் இருக்கும் கிராங்க் அறைக்குள் இறங்கும். ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கசிவு கொஞ்சம் இருக்கவே செய்யும்.

இன்ஜின் நன்றாகச் சூடாகி ஓடினால் இந்த ஈரம் ஆவியாகி, பிசிவி வால்வு (கிராங்க் அறையில் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் வால்வு) வழியாக, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்குக்குள் போய், புகையோடு வெளியேறிவிடும். சூடாகவில்லை என்றால் குளிர்ந்த உலோகத்தில் படிந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் மூடியும் வால்வு கவரும் மேலே, காற்றுப் படும் இடத்தில் இருப்பதால் முதலில் அங்கேதான் கிரீம் தெரியும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிவது இரண்டாவது வழி. ஹெட் கேஸ்கெட், விரிசல் விட்ட சிலிண்டர் ஹெட், ஆயில் கூலர் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து வரும். மூன்றாவது, வெள்ளத்தில் வண்டி மூழ்குவது. மூழ்கிய வண்டியின் சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது இழுத்துக்கொண்டு போய்ப் பிரிக்க வேண்டிய வேலை, இந்த வழிகாட்டிக்குள் வராது.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

வண்டியோடு வந்த கையேடு, டார்ச், பஞ்சு வராத துணி, கையுறை, கண்ணாடி ஜாடி ஒன்று, வடித்த ஆயிலைப் பிடிக்க அகலமான தட்டு, ஜாக்கும் ஒரு ஜோடி ஸ்டாண்டும், சரியான ஆயில், ஃபில்டர், டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர். ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியில் உள்ள தகவலைப் படிக்கும் கருவி) ஒன்று இருந்தால், கூலன்ட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது மிகவும் எளிதாகிவிடும். விலை குறைந்ததே போதும், கூலன்ட் வெப்பநிலையைக் காட்டினால் சரி.

கண்ணாடி ஜாடியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தட்டில் வடித்த ஆயிலுக்குள் தண்ணீர் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஜாடியில் அடியில் தனியாக நிற்கும்.

3. இன்ஜினைக் கிளப்பாமல் முதல் பார்வை

இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவியைத் திருப்புவதற்கு முன் இதைச் செய்யுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. கலக்காமல் விட்டால் கீழே இறங்கிப் பிரிந்து நிற்கும். ஒருமுறை இன்ஜினை ஓடவிட்டால் எல்லாம் கலந்துவிடும், நல்ல தடயமும் போய்விடும்.

சமமான தரையில் வண்டி நிற்க வேண்டும். முதலில் ஆயில் மட்டத்தை அளக்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுங்கள். ஆயில் கறுப்பாகவோ பழுப்பாகவோ தெளிவாக இருக்கிறதா, கலங்கி வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் மட்டும் கிரீம் இருந்து டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் அது வெறும் ஈரப்பதம்தான். டிப்ஸ்டிக்கிலேயே கிரீம் நிறம் வந்துவிட்டால் விஷயம் வேறு. அந்த இன்ஜினை ஓட்டாமல் நேராக 4-ஆம் பகுதிக்குப் போங்கள்.

டிப்ஸ்டிக்கின் மேல் பாதியில் மட்டும் லேசாக வெளுத்த பூச்சு இருந்தால் பயப்படாதீர்கள். அந்தக் குழாய் குளிர்ந்து கிடப்பதால் அங்கும் ஈரம் படியும். அளவுக்கோடுகளுக்கு இடையில் உள்ள ஆயிலின் நிறம்தான் கணக்கு.

அடுத்து ஆயிலின் மட்டம். போன தடவை பார்த்ததைவிட மட்டம் உயர்ந்திருந்தால் ஏதோ ஒன்று உள்ளே சேர்கிறது. முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் எரியாத எரிபொருள் ஆயிலில் இறங்குகிறது. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் டர்போ இன்ஜின்களிலும், புகை வடிகட்டியைச் சுத்தம் செய்யக் கூடுதல் எரிபொருள் தெளிக்கும் டீசல் இன்ஜின்களிலும் இது நடக்கும். ஈரத்தோடு எரிபொருளும் சேர்ந்தால் கசடு வேகமாக உருவாகும்.

மூன்றாவது, கூலன்ட் தொட்டி. குளிர்ந்த நிலையில் மட்டம் எங்கே நிற்கிறது என்று ஒரு மார்க்கரால் கோடு போட்டுத் தேதியை எழுதிவையுங்கள். இந்தச் சின்ன வேலை பிறகு பெரிய குழப்பத்தைத் தவிர்க்கும். கூலன்ட்டின் மேல் எண்ணெய்ப் படலமோ வெளுத்த கூழோ மிதக்கிறதா என்றும் பாருங்கள். மிதந்தால் ஆயில் கூலர் மீது சந்தேகம் வர வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலன்ட்டின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால், கூலர் உடைந்தால் பெரும்பாலும் ஆயில்தான் கூலன்ட்டுக்குள் போகும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: ஆயில் அதிகமாக ஊற்றிய இன்ஜினில் கிராங்க் அதை அடித்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயிலும் வெளுத்துத் தெரியும். அதைத் தண்ணீர் என்று நினைத்துப் பிரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஜாடியில் கொஞ்சம் எடுத்து அரை நாள் வையுங்கள். நுரை அடங்கி ஆயில் தெளிந்துவிட்டால் அது காற்று. வெளுப்பு அப்படியே நின்றால் தண்ணீர்.

4. கூலன்ட் இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள்

மற்ற எல்லாச் சோதனைகளுக்கும் முன்னால் இதை ஏன் வைக்கிறேன் என்றால், மற்ற சோதனைகளுக்கு வண்டியை ஓட்ட வேண்டும். கூலன்ட் கலந்த ஆயிலோடு ஓட்டினால் அதில் உள்ள கிளைகால் பேரிங்குகளை அரித்துவிடும். கேஸ்கெட் மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலை, கிராங்க் வரைக்கும் இறங்கும் வேலையாகிவிடும்.

இந்த அறிகுறிகளைத் தேடுங்கள்: வெளியே சொட்டு எதுவும் இல்லாமலே கூலன்ட் குறைவது, இன்ஜின் சூடான பிறகும் நிற்காத, இனிப்பு வாடை கலந்த வெண்புகை, ஓடும்போது கூலன்ட் தொட்டியில் விடாமல் குமிழி வருவது, காரணமில்லாமல் சூடேறுவது, காலையில் கிளப்பும்போது ஒரு சிலிண்டர் தடுமாறுவது. குளிர்ந்த காலையில் ஒன்றிரண்டு நிமிடம் மட்டும் வரும் வெண்புகை இந்தக் கணக்கில் வராது. அது புகைக்குழாயில் படிந்த ஈரம்.

கூலன்ட் தரையில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். அது கடுமையான விஷம்.

அறிகுறி ஒன்று இருந்தாலும் இரண்டு சோதனைகள் செய்யலாம். ஒன்று, கூலன்ட் அமைப்புக்குக் கைப்பம்பால் அழுத்தம் கொடுத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது. இது குளிர்ந்த இன்ஜினில் செய்வது. ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது, பல கார்களில் அது 1 பார் அளவில் இருக்கும். இன்னொன்று, கூலன்ட் தொட்டியில் வரும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்க்கும் சோதனை. எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் நிறம் மாறி மஞ்சளாகும். டர்போ, டீசல் எதுவானாலும் சூடான இன்ஜினில் கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பாயும்.

ஒரு எச்சரிக்கை: நீலத் திரவம் நிறம் மாறவில்லை என்பதை மட்டும் வைத்துக் கூலன்ட் கசியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கேஸ்கெட் சிலிண்டர் பக்கம் உடையாமல் ஆயில் வழிக்கும் கூலன்ட் வழிக்கும் நடுவில் மட்டும் உடைந்திருக்கலாம். அப்போது எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வராது, ஆனால் கூலன்ட் ஆயிலுக்குள் போகும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சோடியம், பொட்டாசியம் அளவு ஏறியிருந்தால் கூலன்ட் கலப்பின் தடயம் அது. என்னைக் கேட்டால், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய மிகப் பயனுள்ள செலவு இதுதான்.

கூலன்ட்தான் என்று தெரிந்தால் இங்கேயே நில்லுங்கள். பழுதைச் சரிசெய்த பிறகு ஆயிலை இரண்டு முறை மாற்ற வேண்டும். முதல் ஆயிலோடு சிறிது நேரம் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல், நின்றபடி) ஓடவிட்டு வடித்துவிட்டு, அப்புறம் புது ஃபில்டரோடு நல்ல ஆயில். ஒரே மாற்றத்தில் உள்ளே ஒட்டியிருக்கும் கிளைகால் முழுவதும் வராது.

5. துடைத்துவிட்டு, நீண்ட தூரம் ஓட்டிவிட்டு, மறுபடி பாருங்கள்

கூலன்ட் இல்லை என்று உறுதியானதும், மூடியையும் அது உட்காரும் வாயையும் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். பிறகு வண்டியைத் தடையில்லாத சாலையில் குறைந்தது முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள்.

ஏன் அவ்வளவு நேரம்? டாஷ்போர்டில் வெப்ப முள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறோம். அந்த முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். ஆயில் 90 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டி, அங்கே கொஞ்ச நேரம் நின்றால்தான் அதில் உள்ள ஈரம் ஒழுங்காக வெளியேறும். பத்து நிமிடப் பயணத்தில் கூலன்ட் தயாராகியிருக்கும், ஆயில் பாதி வழியில் இருக்கும்.

நின்ற இடத்திலேயே ஐடிலில் ஓடவிடுவது இதற்கு மாற்றாகாது. சுமை இல்லாத இன்ஜினில் ஆயில் போதிய அளவு சூடேறாது, குளிர்ந்த நிலையில் கூடுதல் பெட்ரோல் வேறு ஆயிலில் இறங்கும்.

இப்படி ஓட்டியபின் அடுத்த ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டு மூடியைப் பாருங்கள். கிரீம் வரவில்லை என்றால் குறுகிய பயணங்கள்தான் காரணம். நேராக 8-ஆம் பகுதிக்குப் போகலாம். நீண்ட பயணங்கள் போயும் கிரீம் திரும்ப வந்தால் அடுத்த இரண்டு பகுதிகளும் உங்களுக்குத்தான்.

6. தெர்மோஸ்டாட்

திறந்தபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் இன்ஜினை எப்போதும் குளிர்ச்சியாக வைத்திருக்கும். வெப்ப முள் நடுவுக்கு வராது, அல்லது நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் இறங்கும். ஹீட்டரும் சரியாகச் சூடு தராது.

ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். பெரும்பாலான தெர்மோஸ்டாட்கள் 82 முதல் 95 டிகிரிக்குள் திறப்பவை. அரை மணி நேரம் ஓட்டியும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறியீடு வந்திருந்தால் அதுவும் இதையே சொல்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. சூடேறாமல் இருக்கும் என்ற எண்ணத்தில் செய்வது. ஆயிலில் ஈரம் தங்க இதைவிட நிச்சயமான வழி கிடையாது.

7. பிசிவி வால்வும் அதன் குழாய்களும்

கசடு பிடித்த இன்ஜின்களில் மிக அதிகமாகக் கவனிக்காமல் விடப்படுவது இதுதான். கிராங்க் அறையில் சேரும் ஈரத்தையும் எரிந்த வாயுவையும் வெளியே இழுப்பதற்கு இருக்கும் ஒரே வழி இது. இது அடைத்துவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த ஆயில் ஊற்றினாலும் கறுப்பாகிக் கெட்டியாகத்தான் போகும்.

இன்ஜின் சூடாக, ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்துப் பிடித்தால் நல்லது. காகிதத்தைத் தள்ளிவிட்டு உள்ளிருந்து காற்று வந்தால் பிசிவி அடைத்திருக்கிறது, அல்லது ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. மூடியையே கழற்ற முடியாத அளவுக்குப் பலமாக உள்ளே இழுத்தால், விசில் சத்தமும் கேட்டால், வால்வின் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கும். மூடியைக் கழற்றியதும் இன்ஜின் கொஞ்சம் தடுமாறுவது பல கார்களில் இயல்புதான்.

தனியாகக் கழற்றக்கூடிய பழைய வகை வால்வு என்றால், கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். சத்தம் இல்லை என்றால் ஒட்டிக்கொண்டுவிட்டது. கார்ப் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், வால்வின் விலையும் குறைவுதான், புதிது போடுங்கள். புதிய கார்கள் பலவற்றில் இந்த டயஃப்ரம் வால்வு கவருக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் கவரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

வால்வை மாற்றிவிட்டுக் குழாயை அப்படியே விடுவது அடுத்த தவறு. ரப்பர் குழாய் உட்புறம் ஊதி அடைத்திருக்கலாம், வளைவில் கசடு சேர்ந்திருக்கலாம். கழற்றி ஒரு முனையில் ஊதிப் பாருங்கள். டர்போ இன்ஜினில் இரண்டு வழி இருக்கும்: ஒன்று இன்டேக் மேனிஃபோல்டுக்கு, இன்னொன்று டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாய்க்கு. இரண்டையும் பாருங்கள். கடும் குளிர் உள்ள இடங்களில் இந்தக் குழாயில் ஈரம் உறைந்து அடைத்துவிடுவதும் உண்டு. அப்போது உள்ளே சேரும் அழுத்தம் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

8. கசடு எந்த அளவுக்கு இருக்கிறது

ஈரம் மட்டும் கசடாவதில்லை. சூட்டில் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது, கரித்துகள் கலக்கிறது, எரிபொருள் கலக்கிறது, ஈரம் அமிலங்களை உண்டாக்குகிறது. அழுக்கைத் தனக்குள் மிதக்க வைக்கும் சேர்க்கைப் பொருட்கள் தீர்ந்துபோனதும் எல்லாம் சேர்ந்து கறுப்புக் கூழாகப் படிகிறது.

டார்ச்சை ஆயில் வாய்க்குள் அடித்துப் பாருங்கள். உள்ளே உலோகம் பொன்பழுப்பு நிறத்தில் இருந்தால் அது வெறும் வார்னிஷ், விட்டுவிடலாம். விரலால் தேய்த்தால் துடைத்துக்கொண்டு வரும் மெல்லிய கறுப்புப் படலமும் கவலைக்குரியதில்லை. நகத்தால் சுரண்டினால் கட்டியாக வரும் கறுப்பு ஜெல்தான் கசடு. கரித்துண்டு போல உதிர்ந்தால் அது இன்னும் முற்றிய நிலை. சில கார்களில் ஆயில் வாய்க்கு அடியில் ஒரு தகடு மறைத்திருக்கும். அங்கே சுத்தமாகத் தெரிவதை வைத்து ஏமாறாதீர்கள். பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நம்பகமானது.

சூடான இன்ஜினில், ஐடிலில் ஆயில் விளக்கு எரிகிறதா, மினுக்குகிறதா? அப்படியென்றால் ஆயில் பேனுக்குள் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலை அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். உடனே இன்ஜினை நிறுத்துங்கள். விளக்கு அணையட்டும் என்று கெட்டியான ஆயில் ஊற்றுவது சரியான வழி இல்லை. அடைத்த வலை வழியே கெட்டியான ஆயில் இன்னும் சிரமப்பட்டுத்தான் போகும்.

9. ஆயிலை மாற்றும் வரிசை

சாதாரணமாக ஆயிலைச் சூடாக வடிப்பதுதான் வழக்கம். தண்ணீர் சந்தேகம் இருந்தால் முதல் தடவை குளிர்ந்த நிலையில், இரவு முழுவதும் நின்ற பிறகு வடியுங்கள். டிரெய்ன் போல்ட்டை மெதுவாகத் தளர்த்தி, முதலில் சொட்டுவதை ஜாடியில் பிடியுங்கள். தனியாகப் பிரிந்த தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும்.

வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்திக் கீழே போகாதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம்.

முழுவதும் வடிந்ததும் போல்ட்டில் புது வாஷர் போட்டு, கையேட்டில் சொன்ன முறுக்கு அளவில் இறுக்குங்கள். அலுமினியப் பேனில் அதிகம் இறுக்கினால் மரை போய்விடும். ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வந்துவிட்டதா என்று கட்டாயம் பாருங்கள். அது இன்ஜினில் ஒட்டியபடி இருக்க, அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டால் கிளப்பிய சில நொடிகளில் ஆயில் எல்லாம் பீய்ச்சி வெளியே வந்துவிடும். புது ஃபில்டரின் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் தொடும்வரை சுற்றி, அதற்கு மேல் முக்கால் சுற்று போதும்.

ஆயில் தேர்வில் கையேடுதான் இறுதி. அதில் ஆயிலின் கெட்டித்தன்மை 5டபிள்யூ-30 என்று இருந்தால் அதே. தர அடையாளத்தையும் பாருங்கள். 2020-இல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ எஸ்பி தரம் பெட்ரோல் கார்களுக்கான முந்தைய தரங்களைவிடப் படிவைக் கட்டுப்படுத்துவதில் மேம்பட்டது. புகை வடிகட்டி உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைந்த வகை ஆயில் வேண்டும், அதில் சமரசம் செய்ய முடியாது.

குறிப்பிட்ட அளவைவிடக் கொஞ்சம் குறைவாக ஊற்றி இன்ஜினைக் கிளப்புங்கள். ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். நிறுத்தி, ஐந்து பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மீதியை ஊற்றுங்கள்.

வடித்த ஆயிலை மூடிய கேனில் வைத்து மறுசுழற்சிக்குக் கொடுங்கள். கூலன்ட் கலந்ததைத் தனிக் கேனில் வையுங்கள். எதையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

10. கசட்டை வெளியேற்றுவது

லேசான கசடு என்றால் நான் எப்போதும் சொல்வது மெதுவான வழி. நல்ல ஆயிலை ஊற்றி, வழக்கமான இடைவெளிக்குக் காத்திருக்காமல் 1,500 முதல் 2,000 கிலோமீட்டரில் ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று சுற்று. ஆயிலில் உள்ள சுத்திகரிப்புப் பொருட்கள் கசட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ஃபில்டரில் சேர்க்கும். ஒவ்வொரு தடவையும் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் குறைந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரியும். ஃபில்டரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. நிறைந்துபோன ஃபில்டரின் பைபாஸ் திறந்து, வடிகட்டாத ஆயில் நேராகப் பேரிங்குக்குப் போகும்.

ஃப்ளஷ் திரவம் போடுவதென்றால் கசடு லேசாக இருக்கும்போது மட்டும். டப்பாவில் சொன்ன நேரம் மட்டும், பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடம், ஐடிலில் ஓடவிட்டு உடனே வடித்துவிட வேண்டும். அதோடு வண்டியை ஓட்டக் கூடாது, ஆக்சிலரேட்டரை அழுத்தவும் கூடாது. அந்தத் திரவம் ஆயிலை நீர்க்க வைத்துவிடும், பேரிங்கில் படலம் மெலிந்திருக்கும். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவும் பழக்கத்துக்கும் இதே காரணத்தால் நான் எதிரி. இங்கே நேரக் கட்டுப்பாடும் கிடையாது, அளவும் கிடையாது.

கட்டியான கசடு இருக்கும் இன்ஜினில் ஃப்ளஷ் போடவே கூடாது. பல வருடம் ஓர் ஓரமாகக் கிடந்த கட்டி ஒரே நேரத்தில் பெயர்ந்து ஸ்ட்ரெய்னரில் போய் அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரே சரியான வேலை, ஆயில் பேனைக் கழற்றிச் சுத்தம் செய்வது. வால்வு கவரையும் கழற்றிக் கையால் சுரண்டி எடுங்கள். சுரண்டும்போது ஆயில் திரும்பும் துளைகளில் துணி அடைத்துவையுங்கள், துண்டுகள் கீழே விழக் கூடாது. வேலை முடிந்ததும் எத்தனை துணி அடைத்தீர்களோ அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்ட்ரெய்னரைக் கழற்றியதும் அதன் குழாயில் இருக்கும் ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள். பழையது கெட்டியாகி இருந்தால் பம்பு ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். அப்போது இவ்வளவு வேலைக்கு அப்புறமும் ஆயில் விளக்கு எரியும், ஏன் என்று தெரியாமல் தவிக்க வேண்டியிருக்கும்.

பேனைத் திரும்பப் பொருத்தும்போது சீலன்ட் பசையை அளவாகப் போடுங்கள். மெல்லிய கோடு போதும். தாராளமாகப் போட்டால் உட்பக்கம் பிதுங்கும் பசை காய்ந்து உடைந்து, நீங்கள் இப்போதுதான் சுத்தம் செய்த அதே ஸ்ட்ரெய்னரில் போய் உட்காரும். பசை காயும் நேரம் முடியும் முன் ஆயில் ஊற்றாதீர்கள்.

11. ஓட்டும் பழக்கமும் மாற்றும் இடைவெளியும்

கையேட்டில் இரண்டு பராமரிப்பு அட்டவணை இருக்கும். ஒன்று சாதாரணம், மற்றது கடினமான பயன்பாடு. தினமும் சில கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள், நெரிசலில் நின்று நின்று போகிறவர்கள் தங்களைச் சாதாரணப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். குறைவாக ஓட்டுவது இன்ஜினுக்கு இலேசான வாழ்க்கை என்ற எண்ணம். உண்மையில் இவர்கள்தான் கடினமான பட்டியலுக்கு உரியவர்கள். அந்தப் பட்டியலில் இடைவெளி பெரும்பாலும் பாதிக்குப் பாதி குறைவாக இருக்கும்.

கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயிலை விட்டுவைக்காதீர்கள். கையேட்டில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் இருக்கும், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. கொஞ்சமாக ஓடும் வண்டியில் மாதக் கணக்குதான் முந்தும்.

வாரம் ஒருமுறையாவது ஆயில் நன்றாகச் சூடாகும் அளவுக்கு ஒரு நீண்ட ஓட்டம் போங்கள். சில்லறை வேலைகளை ஒரே பயணத்தில் சேர்த்துக்கொண்டாலும் பலன் உண்டு. சூடான இன்ஜினை மறுபடி கிளப்புவதும் ஆறியதைக் கிளப்புவதும் ஒன்றல்ல. ஹைபிரிட் கார்களில் பெட்ரோல் இன்ஜின் விட்டு விட்டு ஓடுவதால் ஆயில் சூடேறுவது இன்னும் தாமதமாகும். அந்தக் கார்களுக்கு நெடுஞ்சாலை ஓட்டம் கூடுதல் அவசியம்.

வெகு நாள் நிறுத்தி வைக்கும் வண்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கிளப்பி நிறுத்துவதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஆயிலில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் பெட்ரோலும் சேர்வதுதான் மிச்சம். பேட்டரிக்காகத்தான் கிளப்புகிறீர்கள் என்றால் ஒரு பராமரிப்புச் சார்ஜரை மாட்டிவிடலாம். நிறுத்தப் போகும் முன்பே பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றிவிட்டு நிறுத்துங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் பேரிங்கின் மேல் கிடக்க வேண்டாம்.

வேலை எல்லாம் முடிந்து முதல் 1,000 கிலோமீட்டர் வரை வாரம் ஒருமுறை மூடி, டிப்ஸ்டிக், கூலன்ட் தொட்டியில் போட்ட மார்க்கர் கோடு மூன்றையும் குளிர்ந்த இன்ஜினில் பாருங்கள். மூடியில் லேசான ஈரத்துளி மட்டும் இருந்தால் துடைத்துவிட்டு ஓட்டலாம். கூலன்ட் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், ஆயில் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் 4-ஆம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.